ஊரைப் படம் பிடிக்கிறார்கள், ஊரால் படம் அனுப்ப முடியவில்லை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டு இணையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரம் வட்டாரத்தில் 11 ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். நிருபராக இருந்தபோது, "எங்கள் ஊர்ச் செய்தி ஏன் பேப்பரில் வருவதில்லை?" என்று கேட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள், "எங்கள் ஊருக்கு லைன் எப்போது வரும்?" என்று கேட்கிறார்கள். பல நாள் பதில் சொல்லிப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று புரிந்தது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, வீட்டுக்குத் தனி இணைப்பு எதற்கு?

இந்தியாவில் 2024 முடிவில் ஏறத்தாழ 94 கோடி அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்புகள் இருந்தன. அவற்றில் வீட்டுக்கோ கடைக்கோ கம்பி வழியாக வருபவை 4 கோடிக்குச் சற்று மேல். மற்றவை ஏறக்குறைய எல்லாம் சிம் கார்டுகள். 'இந்தியாவில் இத்தனை கோடிப் பேர் இணையத்தில்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

செல்போன் அதை வைத்திருப்பவரோடு கிளம்பிவிடும். எங்கள் பக்கத்தில் அவர் திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூருக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறிவிடுகிறார். கட்டட வேலை, கம்பெனி வேலை. வீட்டில் மிச்சம் இருப்பது பாட்டியிடம் உள்ள பட்டன் போன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 2021 செப்டம்பரில்தான் நிலையாகத் திறந்தன. சிறிய வகுப்புகளுக்கு அந்த ஆண்டு நவம்பர் ஆனது. அந்த ஒன்றரை ஆண்டில் ஒரு தாத்தா வாரம் ஒரு முறை பேத்தியை என் கடைக்கு அழைத்து வருவார். வாட்ஸ்அப்பில் வந்த பாடங்களை அச்செடுத்துக் கொண்டு போவார்கள். அவளுடைய அப்பா சனிக்கிழமை இரவு வருவார், ஞாயிறு மாலை போய்விடுவார். அவளுக்குப் பள்ளிக்கூடமே வாரத்தில் ஒரு நாள்தான். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்தச் சேனல் நல்ல காரியம். ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது.

வீட்டு இணைப்பு வீட்டிலேயே கிடக்கும். யார் ஊருக்குப் போனாலும் அது போகாது. இந்த ஒன்றுக்காகவே அது வேண்டும்.

எவ்வளவு வேகம் வந்தால் 'வேகமான இணையம்' என்று சொல்லலாம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். விநாடிக்கு 512 கிலோபிட் கிடைத்தாலே அகலப்பட்டை என்று பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 2023 ஜனவரியில் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். அந்த வேகத்தில் 1 ஜிபி கோப்பை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அளவுகோலை மாற்றினார்கள்: இறக்குவதற்கு 100 மெகாபிட், ஏற்றுவதற்கு 20 மெகாபிட். அவர்கள் நாட்டு வசதியை இங்கே ஒப்பிடவில்லை. அவர்களுடைய விதியில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். நம்முடைய விதியில் ஒன்றுதான், அதுவும் இறக்குவதற்கு. கிராமத்திலிருந்து எதுவும் மேலே போக வேண்டியிருக்கும் என்ற நினைப்பே அந்த விதியில் இல்லை.

வீடியோ ஓடுகிறது, ஆனால் நான் எடுத்த வீடியோவை அனுப்ப முடிவதில்லை. போனில் கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கும். கோபுரம் 20 வாட், 40 வாட் ஆற்றலில் கத்துகிறது. உங்கள் கைபேசியால் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் திருப்பிப் பேச முடியும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்கு அது கத்துவது கேட்கிறது. நீங்கள் முணுமுணுப்பது அதற்குக் கேட்பதில்லை. இது போதாதென்று, சில அலைவரிசைகளில் ஒரே பாதையை இறக்கவும் ஏற்றவும் முறைவைத்துப் பங்கு போடுவார்கள். பெரும்பங்கு இறக்குவதற்கே போகும், ஏனென்றால் மக்கள் பார்ப்பார்கள், காட்டமாட்டார்கள் என்பது கணக்கு. அதனால்தான் கோபுரத்திலிருந்து தள்ளிப் போகப் போக முதலில் சாவது பதிவேற்றம். இரண்டு கோடு சிக்னல் காட்டும், பாட்டு ஓடும், படம் மட்டும் போகாது.

வேடிக்கை என்னவென்றால், அரசே இப்போது கிராமத்திடம் பதிவேற்றம் கேட்கிறது. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் ஒரு நாளில் இரண்டு முறை ஆட்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று ஆனது. ரேஷன் கடையில் கைரேகை மேலே போய்ச் சரிபார்த்துத் திரும்பினால்தான் அரிசி. சித்தேரி மாதிரியான மலையூர்களில் இதெல்லாம் என்ன பாடு என்று வரிசையில் நிற்கிறவர்களைக் கேளுங்கள்.

என் கதை ஒன்று. ஏரியூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தின் ராகிக் கொல்லையை ஓர் இரவில் யானைகள் மிதித்துவிட்டன. அறுவடைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. காலை 7 மணிக்கே போய்ப் படமும் ஒரு நிமிட வீடியோவும் எடுத்துவிட்டேன். அங்கிருந்து அனுப்பினால் போகவில்லை. ஒரு பாறைமேல் ஏறினேன், பாதி போய் நின்றது. அந்த வீட்டு அம்மா கூழ் கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். கடைசியில் பஸ் பிடித்துப் பென்னாகரம் வந்து அனுப்பியபோது மாலை நாலரை. பக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வாரமே ஓசூர் அருகே சானமாவு காட்டுக்கு யானைக்கூட்டம் வந்தது. அங்கே நெடுஞ்சாலையும் நல்ல சிக்னலும் உண்டு. நான்கு சேனல்கள் நேரலை போட்டன. யானை அதே யானைதான். ராகி இழந்தவர் பெயர் எங்கும் வரவில்லை.

பாரத்நெட் எங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டது என்கிறார்கள். வீட்டுக்கு ஏன் வரவில்லை?

திட்டத்தின் பெயர் 2011இல் தேசிய ஒளியிழை வலைப்பின்னல். 2015இல் பாரத்நெட் என்று மாற்றினார்கள். நாட்டின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர், அதாவது ஒளியிழைக் கம்பி, கொண்டுபோவது நோக்கம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். மாநில அரசு அதற்கென்றே தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தை உருவாக்கியது. தருமபுரியில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333.

'ஊராட்சிக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பி வந்து இறங்கும் இடம் ஊராட்சி அலுவலகம் அல்லது சேவை மையக் கட்டடம். சமவெளியில் ஊராட்சி என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள். பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ ஓர் ஊராட்சிக்குள் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு ஓடை, ஒரு கரடு. அலுவலகப் பெட்டியிலிருந்து வீடுவரை யார் இழுப்பது? அதற்கு ஓர் உள்ளூர்க் கேபிள்காரர் முன்வர வேண்டும். அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார், கட்டுப்படியாகாது. அலுவலக அறை பூட்டியிருந்தால், மின்சாரம் போனால், பேட்டரி செத்தால், பெட்டியும் தூங்கிவிடும்.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. கம்பியை வாலாக விடாமல் வளையமாகப் போடுவார்கள். ஓரிடத்தில் ஜேசிபி வெட்டிவிட்டால், தகவல் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஓசூரில் கம்பெனிகள் போட்டி போட்டு இணைப்பு தருகின்றன. 60 கிலோமீட்டரில் இருக்கும் எங்களுக்கு ஒன்றுகூட இல்லையே?

ஃபைபர் இணைப்பில் ஒரு கண்ணாடி இழையில் வரும் ஒளியைச் சிறு பெட்டியில் பிரித்து 32 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஓசூர் அடுக்குமாடியில் 100 மீட்டர் கம்பி இழுத்தால் அந்த 32 வீடும் ஒரே கட்டடத்தில் கிடைத்துவிடும். தளிக்கு மேலே ஒரு குக்கிராமத்துக்கு மூன்று கிலோமீட்டர் இழுத்தால் 12 வீடு. அந்த 12இல் எத்தனை பேர் மாதம் 500 ரூபாய் கட்டுவார்கள்? கம்பெனி கொடுமைக்கார மாமியார் ஒன்றும் இல்லை, அது கணக்குப்பிள்ளை. நான் என் சொந்த ஊர் வீட்டுக்கு விண்ணப்பித்தபோது ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, "பத்து வீடு சேர்த்து வையுங்கள் சார், கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் போனார். ஏழு வீடு சேர்த்தேன். அவருடைய எண் மாறிவிட்டது.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத்தான் சேலம் போகிறது. சென்னை பெங்களூரு சாலை கிருஷ்ணகிரியில் வந்து சேர்கிறது. பெருநகரங்களை இணைக்கும் கம்பிகள் இப்படிப்பட்ட சாலையோரங்களில்தான் புதைந்து போகின்றன. சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடும் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் தொப்பூரில் நிற்குமா? அதுபோலத்தான் இதுவும். ஊரைக் கடந்து போகும், ஊருக்கு இறங்காது.

கட்டுப்படியாகாத ஊர்களுக்கென்றே பணம் ஒதுக்கவில்லையா?

ஒதுக்கியிருக்கிறார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில்) 5 சதவீதத்தை இதற்காகக் கொடுக்க வேண்டும் என்பது 2002 முதல் இருக்கும் ஏற்பாடு. அனைவருக்குமான சேவைக் கடமை நிதி என்று பெயர். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதை டிஜிட்டல் பாரத் நிதி என்று மாற்றியது. உங்கள் ரீசார்ஜிலும் அந்தப் பங்கு இருக்கிறது. லைன் வராத ஊர்க்காரரும் லைனுக்கான காசைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

வனத்துறை கம்பி இழுக்க விடாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எல்லாரும் இந்தப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காப்புக்காட்டில் பள்ளம் தோண்ட, கம்பம் நட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அது ஒன்றிய அரசு வரை போய் வரும் கோப்பு. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் 2ஆம் உட்பிரிவு இருக்கிறது. காட்டில் வாழும் மக்களுக்கு அரசு நடத்தும் 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைத் தரலாம் என்கிறது அது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை என்று போகும் அந்தப் பட்டியலில் மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் உண்டு. நிபந்தனைகள்: ஒவ்வொன்றுக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மாவட்ட அளவிலேயே முடிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இது அரசு நடத்தும் வசதிக்கு மட்டும், தனியார் கம்பெனிக்குச் செல்லாது. அடுத்து, 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த எல்லைக்குள் வரும் ஊர்கள் வனவிலங்குச் சட்டத்தின் அனுமதியைத் தனியே பார்க்க வேண்டும். புலியும் யானையும் இருக்கும் காட்டில் கண்ட இடத்தில் தோண்டக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏற்கனவே நிற்கும் மின்கம்பத்தில் ஒரு மெல்லிய கம்பியைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே பதிலா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊரில் 4ஜி இருப்பதாகக் கணக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை.

கணக்கு கிராமத்தை எண்ணுகிறது. ஊரின் ஒரு மூலையில் கிடைத்தால் ஊருக்குக் கிடைத்த மாதிரி. 2022 ஜூலையில் சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. ஓடைக்கு அப்பால் இருக்கும் உங்கள் கொட்டாய் அப்படிப்பட்ட பட்டியலில் தனி ஊராக ஏறுவது கடினம். நிறுவனங்கள் எங்கெங்கே சேவை இருக்கிறது என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறை. உங்கள் வீடு வரைபடத்தில் நிறம் பூசிய இடத்தில் இருந்து, நிஜத்தில் சிக்னல் இல்லையென்றால், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல ஆதாரம்.

இணையம் இல்லாததற்கும் செய்தியில் எங்கள் ஊர் வராததற்கும் என்ன தொடர்பு?

தருமபுரி செய்தியில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. நாள்தோறும் வருகிறது: 'ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி.' அதுகூட மேட்டூர் அணைக்காகவும் டெல்டாவுக்காகவும் சொல்லும் செய்தி. தண்ணீர் எங்கள் வழியாகப் போகிறது. செய்தியும் எங்கள் வழியாகப் போகிறது.

அதைத் தாண்டி வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். வீரப்பன், பெண்சிசுக் கொலை, 2000இல் எரிந்த பஸ், 2012இல் எரிந்த நத்தம் காலனி. எல்லாம் நடந்தவை, எழுத வேண்டியவை. ஆனால் ஓர் ஊரைப் பற்றி வெளியாட்கள் மட்டுமே எழுதினால், அவர்கள் வரும் நாள் மட்டுமே அந்த ஊருக்கு வரலாறு.

சிறந்த உதாரணம் கழுதைகள். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை இருக்கிறது. அங்குள்ள வாக்குச்சாவடிக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள். அந்த நாளில் மலை அடிவாரத்தில் கேமராக்கள் வரிசையாக நிற்கும். 'ஜனநாயகத்தைச் சுமக்கும் கழுதைகள்' என்கிற தொனியில் எழுதாதவர்கள் குறைவு. ஒப்புக்கொள்கிறேன், நானும் எழுதினேன். படம் முதல் பக்கத்தில் வந்ததில் பெருமையாகவும் இருந்தது. தேர்தல் முடிந்த அடுத்த மாதம் அதே மலைக்கு ரேஷன் அரிசி எப்படிப் போகிறது, பிரசவ வலி எடுத்தால் எப்படி இறக்குகிறார்கள் என்று கேட்க யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. பஸ் இல்லை, பயணப்படி இல்லை, படம் அனுப்ப வழி இல்லை. மலையில் ஒரு வீட்டில் ஒழுங்கான இணைப்பு இருந்திருந்தால் அவர்களே அனுப்பியிருப்பார்கள். அந்தப் படத்தில் கழுதை இருந்திருக்குமா என்பது சந்தேகம். அவர்களுக்கு அது அதிசயம் இல்லையே.

இன்னொன்றை இதோடு வைப்பதற்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் வைக்கிறேன். அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பழங்குடி மக்களை அடித்தார்கள், 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே முதலில் அதிகாரிகள் சொன்ன கதை. சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சம்பவம் நடந்த 1992இல் அங்கே இணையமே இல்லை, கைபேசி இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை ஓர் ஊர் தானே வெளியே சொல்ல வழி இல்லாதபோது, நடக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை இங்கே எல்லாரும் அறிவார்கள்.

சென்னையில் ஆசிரியர் குழு இருக்கிறது, உள்ளூரில் நிருபர் இருக்கிறார். அப்புறம் என்ன குறை?

நிருபர் என்றால் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்காதீர்கள். பகுதிநேர நிருபருக்கு வந்த செய்திக்குக் காசு. சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். பெட்ரோல் கைக்காசு. அவர் 40 கிலோமீட்டர் போய் வருவாரா, வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பாரா? நான் நின்றேன்.

மேலே யார் இருக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. 2006இல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களின் 315 மூத்த பத்திரிகையாளர்களை ஆய்வாளர்கள் எண்ணியபோது, தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களைப் பார்த்தபோது, தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 முன்னேறிய சாதியினரிடம் இருந்தன. அப்போதும் தலித், பழங்குடி கணக்கு பூஜ்யம். தமிழ் ஊடகம் இதைவிட மேல் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என் 11 ஆண்டுகளில் மாவட்டப் பத்திரிகையாளர் கூட்டம் எதிலும் ஒரு மலையாளிப் பழங்குடியினரையோ இருளரையோ பார்த்ததில்லை. இங்கே 'மலையாளி' என்றால் கேரளக்காரர் இல்லை, சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மக்கள். இந்தக் குறிப்பை ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டியிருப்பதே யாருக்காக எழுதுகிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

தொலைக்காட்சியில் எண்ணிக்கை வேறு மாதிரி. நாடு முழுதும் ஏறத்தாழ 58,000 வீடுகளில் கருவி வைத்து, அதைக் கொண்டு 20 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் என்ன பார்க்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். விளம்பரக் காசு அந்த எண்ணைப் பின்தொடர்கிறது. கேமரா காசைப் பின்தொடர்கிறது.

எங்கள் பேச்சுகூடத் தொடர்களில் வருவதில்லையே?

மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு, நெல்லைப் பேச்சு என்று மூன்று டப்பாக்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு டப்பா இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே டீக்கடையில் மாற்றி மாற்றிப் பேசும் தேன்கனிக்கோட்டைக்காரரை எந்த டப்பாவில் போடுவார்கள்?

யூடியூப் இருக்கிறது, சமுதாய வானொலி இருக்கிறது. நாமே செய்தி சொல்லலாமே?

சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்குச் சாலை இல்லை என்று ஒரு பையன் எடுத்த நடுங்கும் வீடியோவுக்கு அதிகாரி ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையன் வீடியோவை ஏற்றியது என் கடையில். அதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருப்பது.

சமுதாய வானொலியில் ஒரு சங்கடம் உண்டு. நாட்டின் முதல் சமுதாய வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம். ஆனால் தாங்களே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலிச் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போடலாம். ராகி விலையும் தடுப்பூசித் தேதியும் சொல்லலாம், ராகி ஏன் விலை போகவில்லை என்று ஒருவரைப் பேட்டி கண்டு செய்தியாக்கினால் சிக்கல்.

இணையம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்றது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்புப் பாதுகாப்பு உள்ளவை என்றது. இரண்டும் இருக்கும் இணையத்தைப் பறிக்கக் கூடாது என்பவை. வராத ஊருக்குக் கொண்டுவந்து கொடு என்று இவற்றை வைத்துக் கேட்பது கடினம். கேரள அரசு 2023 ஜூனில் கே-ஃபோன் என்று சொந்த ஃபைபர் வலையைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தது. அது தீர்ப்பால் வந்ததில்லை, பட்ஜெட்டால் வந்தது.

சரி, இப்போதைக்கு நான் என்ன செய்யலாம்?

உங்கள் வீடு எங்கே என்பதைப் பொறுத்தது. டவுன் ஓரமாக 5ஜி எட்டும் இடம் என்றால், கம்பி இல்லாமல் மாடியில் பெட்டி வைத்து வீட்டுக்குள் வைஃபை தரும் சேவை 2023 முதல் விற்பனையில் இருக்கிறது. கம்பியைப் போல நிலையாக இருக்காது, மழைக்காலத்தில் தெரியும். செயற்கைக்கோள் இணையத்துக்கு ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025 ஜூனில் உரிமம் பெற்றது. மலைக்கு அது பொருத்தம்தான். ஆனால் 100 நாள் வேலைக் கூலியில் கட்டும் கட்டணமாக அது இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'இணைய வசதி வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் கோப்பு தூங்கும். எந்தக் குக்கிராமம், எத்தனை வீடு, ஊராட்சி அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், வழியில் மின்கம்பம் இருக்கிறதா, காடு எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். காடு இருந்தால் மேலே சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பெயரோடு போடுங்கள். தீர்மான நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். "நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கும் போங்கள்.

இணைப்பு இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடகைக் கழிவோ கூடுதல் செல்லுபடி நாளோ தர வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன.

டீக்கடையில் வைஃபை வைத்து விற்கலாம் என்கிறார்களே?

பிஎம்-வாணி என்ற திட்டம், 2020 டிசம்பரில் வந்தது. உரிமம் வேண்டாம். ஆனால் டீக்கடைக்கு முதலில் ஒரு நல்ல லைன் வர வேண்டும்.

உங்கள் கடையில் வீடியோ ஏற்றித் தருவீர்களா?

தருவேன். காலை 9 மணி முதல் இரவு 8 வரை, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும், லைனும் திணறும், காலையிலேயே வந்துவிடுங்கள். யார் போனிலாவது வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் எனக்கு வந்தால் படம் கலங்கி முகமே தெரியாது. எடுத்த போனையே கொண்டு வாருங்கள். சார்ஜர் ஒயரையும் மறக்காதீர்கள், போன வாரம் மூன்று பேர் மறந்தார்கள்.